மழை வந்தால் கொதிக்கிற கார்

மீட்டரக்கா யார் எதைச் சொன்னாலும் லேசில் நம்ப மாட்டாள். அது பிறவிக் குணம் என்று அவள் அண்ணன் சொல்வான். தப்பு. பதினாலு வருஷம் சம்பளம் கொடுத்து அவளுக்குப் பழக்கிவிட்ட குணம் அது. ரேடியோ செய்கிற தொழிற்சாலை ஒன்றில் கடைசி மேசை அவளுடையது. முப்பது பேர் கைமாறி வருகிற சர்க்யூட் பலகையை அவள் கரண்டை அளக்கிற மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, தேறியதை ஒரு பெட்டியிலும் தேறாததை இன்னொரு பெட்டியிலும் போட வேண்டும். தேறாத பெட்டி நிறைந்துபோன நாட்களில் அந்த முப்பது பேரும் அவளைக் கண்டும் காணாத மாதிரி டீ குடிக்கப் போவார்கள். தொழிற்சாலையை மூடியபோது ஆளாளுக்கு மேனேஜரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கிளம்பினார்கள். இவள் மட்டும் பின்தங்கி நின்று, "இந்த மீட்டரை நான் எடுத்துக்கட்டுமா சார்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அண்ணன் கார் வொர்க்‌ஷாப் வைத்திருந்தான். போன் எடுத்துப் பேச ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் தங்கையைக் கூட்டிப்போனான். மூன்று மாதம் ஒழுங்காகப் போன் எடுத்தாள். பிறகு ஒரு நாள் ஊதாத ஹாரன் ஒன்றை ஊத வைத்தாள். அப்புறம் மேலே ஏறாத கதவுக் கண்ணாடி, எரியாத பிரேக் விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. ஒரு வருஷத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அதை எடுக்க வேண்டியவள் ஏதாவது வண்டியின் டேஷ்போர்டுக்குக் கீழே காலை நீட்டிப் படுத்திருந்தாள். கழுத்தில் கயிறு கட்டி மீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்தான் மீட்டரக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

அண்ணன் எஞ்சின் ஆள். பானெட்டைத் திறக்காமலே, ஓடுகிற சத்தத்தைக் கேட்டு நோய் சொல்லுவான். சுத்தமான வேலை என்றால் அப்படி ஒரு சுத்தம். பெரிய வேலை எது செய்தாலும், கழற்றிய இரும்பையெல்லாம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவை எடுத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு மாட்டித்தான் வண்டியை வெளியே விடுவான். "என் கை பட்ட வண்டின்னு பானெட்டைத் தூக்கினாலே தெரியணும்" என்பான். தெரியத்தான் செய்தது. புது வண்டிகூட அவ்வளவு பளபளப்பாக இருக்காது.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில், ஒரு புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, நிதானத்தின் கார் வந்து நின்றது. மூன்றாவது தடவை.

நிதானம் என்பதும் பட்டப்பெயர்தான். ஐம்பத்தைந்து வயது, நாற்பதுக்கு மேல் வேகம் போகாத மனிதர். சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டு அவரைத் தாண்டிப் போவார்கள், அவர் கோபப்பட மாட்டார். வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, சிறுநீரகம் கெட்டுப்போன மூன்று பேரை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது அவர் வேலை. காலை ஏழு மணிக்கு மூன்று பேரும் மெஷினில் உட்கார வேண்டும். பதினொரு மணிக்கு எழுந்துவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த மூன்று பேர் வாசலில் காத்திருப்பார்கள். அரை மணி தாமதமாகப் போனால் அரை மணி நேர ரத்தம் சுத்தமாகாமல் வீட்டுக்குத் திரும்பும். அந்த அரை மணியை யாரும் அப்புறம் கொடுக்க மாட்டார்கள்.

இரண்டு மாதமாக நிதானத்தின் காரில் சூட்டு முள் திடீரென்று சிவப்புக்கு ஏறியது, சிவப்பு விளக்கு எரிந்து பீப் பீப் என்று கத்தியது. அவர் உடனே ஓரங்கட்டி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எஞ்சின் ஆறுவதற்காக இருபது இருபத்தைந்து நிமிஷம் காத்திருப்பார். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது, அவர் புத்தகத்தை மீறுகிறவர் இல்லை.

முதல் தடவை அண்ணன் தெர்மோஸ்டாட்டை மாற்றினான். இரண்டாவது தடவை ரேடியேட்டரைக் கழுவி, எஞ்சினை ஆற்றுகிற கூலண்ட் தண்ணீரின் பம்பு, சூட்டை அளக்கிற சென்சார் இரண்டையும் புதுசாகப் போட்டான். "இனிமே சூடு ஏறினா ஹீட்டரை ஃபுல்லா வைங்க. எஞ்சின் சூட்டை அது உள்ளே இழுத்துக்கும்" என்று ஒரு பழைய டிரைவர் வைத்தியமும் சொல்லி அனுப்பினான். நிதானம் சொன்னதைச் செய்தார். கொட்டுகிற மழையில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டரை முழுசாக வைத்தார். சிவப்பு விளக்கு அணையவில்லை. பின்சீட்டில் இருந்த பழைய தபால்காரர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற, பக்கத்தில் இருந்த பேக்கரிக்காரம்மா, "ஏங்க, நாங்க கிட்னிக்குப் போறோமா, இல்ல ரொட்டி மாதிரி வேகப் போறோமா?" என்று கேட்டாராம்.

முன்சீட்டில் எப்போதும் கணக்கு டீச்சர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் புலம்பவில்லை. விளக்கு எரிகிற ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன டைரியில் எழுதி வைத்தார். அந்த டைரியைத்தான் நிதானம் அன்றைக்குக் கொண்டு வந்திருந்தார்.

"இதுவரைக்கும் பதினொரு தடவைங்க. இன்னைக்குக் காலையில டீச்சருக்கு மூணரை மணி நேரம்தான் கிடைச்சுது. கால் வீங்கிக் கிடக்கு. செருப்பு போட முடியல. என்கிட்ட ஒரு வார்த்தை கோபமாச் சொல்லலீங்க. சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல" என்றார் நிதானம்.

அண்ணன் பானெட்டைத் தூக்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னான். "மாத்த வேண்டியதெல்லாம் மாத்தியாச்சு. மிச்சம் ஹெட் கேஸ்கெட்தான், எஞ்சின் தலைக்கு அடியில இருக்கிற தகடு. எஞ்சின் தலையைக் கழட்டணும். சாமான் சனிக்கிழமை வரும். வண்டி பத்து நாள் இங்க நிக்கும்."

"பத்து நாளா?" என்றார் நிதானம். பத்து நாள் என்றால் நாலு தடவை ஆஸ்பத்திரி. "அவங்க மூணு பேரும் எதுல போவாங்க? படி ஏற முடியாதவங்க. கூட்டத்துல பஸ் ஏற முடியுமா?"

"வழியில எஞ்சின் பூட்டிக்கிட்டா மட்டும் போக முடியுமா ஐயா?"

மீட்டரக்கா டைரியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பாலம் தாண்டி, மழை, இருபது நிமிடம். பள்ளிக்கூட வளைவு, மழை, இருபத்தைந்து நிமிடம். மார்க்கெட் தாண்டி, மழை. மறுபடி மழை. தலை நிமிர்ந்து, "அண்ணா, எந்த எஞ்சினாவது மழையில கொதிக்குமா?" என்றாள்.

"என்ன சொல்ல வர்றே?"

"எஞ்சின் சூடாகல. சூட்டு முள்தான் பொய் சொல்லுதுன்னு தோணுது."

வொர்க்‌ஷாப்பில் பொய் என்கிற வார்த்தையை யாரும் சொல்வதில்லை. அதற்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணம் அவள்தான். போன வருஷம் ஒரு டெலிவரி வேன் இதே மாதிரி சிவப்பு விளக்கோடு வந்தது. சென்சாரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்து, "சென்சார் பொய் சொல்லுது, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். அண்ணன் அவள் பேச்சை நம்பி வண்டியை விட்டான். கூலண்ட் கசிந்து தீர்ந்துபோய், சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. நாற்பது கிலோமீட்டரில் எஞ்சின் இறுகிப் பூட்டிக்கொண்டது. அண்ணன் அவளைத் திட்டவில்லை. வேன்காரர் திட்டிய திட்டையெல்லாம் தானே நின்று வாங்கிக்கொண்டான். அது அவளுக்குத் திட்டு வாங்கியதைவிட மோசமாக வலித்தது.

இப்போது அண்ணன் அவளையே பார்த்தான். "மறுபடியுமா?"

"மறுபடியும்தான்" என்றாள் மீட்டரக்கா. "சாமான் சனிக்கிழமைதானே வருது? அதுவரைக்கும் எனக்கு டைம் குடு. நான் கண்டுபிடிக்கலேன்னா நீ தலையைக் கழட்டு. நான் பேசாம போய்ப் போன் நாற்காலியில உக்காந்துக்கிறேன். இனிமே ஒரு ஒயரைத் தொட மாட்டேன்."

"உன் நாற்காலியா இப்போ பிரச்சினை? அந்த மூணு பேர் உசுரு." அண்ணன் சலித்துக்கொண்டான். "சரி. சனிக்கிழமை காலை வரைக்கும். சந்தேகப் பிராணி."

வியாழக்கிழமை முழுவதும் அவள் அந்தக் காரைக் குடைந்தெடுத்தாள். சென்சாரிலிருந்து டேஷ்போர்டு வரைக்கும் போகிற ஒயரை அடி அடியாகத் தடவிப் பார்த்தாள், எங்கேயும் வெட்டில்லை. எஞ்சினையும் காரின் பாடியையும் இணைக்கிற பட்டையான எர்த் ஒயர் சரியா என்று, மீட்டரின் ஒரு ஊசியை எஞ்சின்மேலும் இன்னொன்றைப் பாடிமேலும் வைத்தாள். பீப் என்று கணீரென்று சத்தம் வந்தது. பாதை இருக்கிறது என்று அர்த்தம். "எர்த் நல்லாருக்கு" என்று அண்ணனுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். மழைதானே காரணம், தண்ணீர் எங்கேயோ உள்ளே இறங்குகிறது என்று நினைத்து, பிற்பகல் முழுக்க ஓஸ் பைப்பை வைத்துக் காரைக் குளிப்பாட்டினாள். எஞ்சின் ஓட ஓட, மேலே கீழே பக்கவாட்டில் என்று ஒரு இடம் விடாமல் தண்ணீர் அடித்தாள். சூட்டு முள் நடுவில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. நனைந்ததுதான் மிச்சம். பக்கத்துக் கடை டயர்காரர் எட்டிப் பார்த்து, "ஏங்க்கா, அப்படியே என் வண்டிக்கும் ரெண்டு வாளி ஊத்திடுங்க" என்றார். அவள் பதிலுக்குப் பார்த்த பார்வையில் மனிதர் டயருக்குப் பின்னால் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் நிதானம் அந்தக் காரையே ஓட்டிப் போனார். எட்டு மணிக்குப் போன் வந்தது. அன்றைக்கு மீட்டரக்காவே எடுத்தாள்.

"ரெண்டு தடவை எரிஞ்சுதும்மா" என்றார் நிதானம். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினார், பின்னால் சக்கர நாற்காலி உருளுகிற சத்தம் கேட்டது. "மூணு மணி நேரம்தான் இன்னைக்கு. டீச்சர் உக்காரும்போதே மூச்சு வாங்கிச்சு. நர்ஸம்மா என்னைத்தான் பார்த்தாங்க."

"மழையாங்க ஐயா?"

"நல்ல மழை."

போனை வைத்த பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. கழுத்து மீட்டர் கல்லாகக் கனத்தது. முகம் தெரியாத ஒரு பெண்மணியின் கால் வீக்கம் கண்ணுக்குள்ளேயே நின்றது. போன வருஷம் செய்தது எஞ்சினோடு போயிற்று. இந்தத் தடவை தப்பானால் ஆளோடு போகும். அழுகை வந்தது. அழுதால் நாளைக் காலைக்குள் கண்டுபிடிக்க முடியுமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி டைரியை எடுத்தாள்.

சாயங்காலம் அந்த டைரியோடுதான் வீட்டுக்குப் போனாள். அவள் கணவர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் தலைக்கு மேலே ஒரு பல்பு, சுவரோரம் இஸ்திரி மேசை. மெஷினுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டைரியை மடியில் வைத்து மனப்பாடம் ஆகிற அளவுக்குப் படித்தாள். இத்தனை தடவை புரட்டியும் அப்போதுதான் அந்த வரி கண்ணில் உறைத்தது. ஏழாவது தடவை. "மழை இல்லை. மூடுபனி. கண்ணாடி மறைத்துவிட்டது. முப்பது நிமிடம்."

"மழை இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"என்ன இல்ல?" என்றார் கணவர், வாயில் இருந்த குண்டூசியை எடுக்காமலே.

"இத்தனை நாள் மழை மழைன்னு நான்தாங்க கத்திக்கிட்டிருந்தேன். ஒரு நாள் மழையே இல்ல. தண்ணியே இல்லாமலும் விளக்கு எரிஞ்சிருக்கு." எழுந்து நடக்க ஆரம்பித்தாள். "மழையிலயும் மூடுபனியிலயும் பொதுவா என்ன இருக்கு?"

"இருட்டு இருக்கு" என்றார் கணவர். "கோட்டு தைக்கக் கொடுக்கிற ஆள் வர மாட்டான், அதுவும் இருக்கு." பேசிக்கொண்டே எட்டி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டார். தலைக்கு மேலே இருந்த பல்பு லேசாக மங்கியது. ஆயிரம் தடவை மங்கியதுதான். அவர் வழக்கம்போல ஊசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

மீட்டரக்கா நடந்த இடத்திலேயே நின்றாள். "அதை ஆஃப் பண்ணுங்க."

"இப்பதானே போட்டேன்?"

"ஆஃப் பண்ணுங்கன்னா பண்ணுங்களேன்!"

அணைத்தார். பல்பு பிரகாசமானது. "இப்ப போடுங்க." மங்கியது. கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது: ஒன்று கரண்டை இழுத்தால் இன்னொன்று தடுமாறும். மழை பெய்தால் ஒரு டிரைவர் என்ன செய்வார்? ஹெட்லைட்டைப் போடுவார். வைப்பரைப் போடுவார். கண்ணாடி மறைத்தால் ஹீட்டர் காற்றைத் திருப்பிவிடுவார், பின்கண்ணாடிச் சூடேற்றியையும் போடுவார். மூடுபனியிலும் அதேதான். அண்ணன் அந்தக் காரை ஓட்டிப் பார்த்ததெல்லாம் பட்டப்பகலில், ஒரு விளக்கும் போடாமல். அவள் தண்ணீர் அடித்தபோதும் ஒரு சுவிட்சையும் தொடவில்லை. நிதானமோ, சிவப்பு விளக்கு எரிந்ததும் புத்தகத்தில் சொன்னபடி எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்துவிடுகிறவர். ஒவ்வொருவரும் ஒழுங்காக நடந்துகொண்டதால்தான் இது இரண்டு மாதம் பிடிபடாமல் இருந்திருக்கிறது. போதாக்குறைக்கு அண்ணனுடைய ஹீட்டர் வைத்தியம் வேறு!

சனிக்கிழமை அவள் போய்ச் சேருவதற்கு முன்பே அண்ணன் பானெட்டைத் தூக்கி வைத்து, ஸ்பேனர்களை அளவு வாரியாகத் துணியில் பரப்பி, கூலண்டைப் பிடிக்கக் கீழே தொட்டி வைத்துவிட்டான். கேஸ்கெட் பெட்டி மேசைமேல் இருந்தது. நிதானம் ஓரமாக, கோர்ட்டில் பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

"கையை எடு அண்ணா. ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணணும்."

"மணி ஒன்பதரை ஆச்சு."

"பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்."

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவள் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினாள். அது சூடாகி முள் நடுவுக்கு வரும் வரைக்கும் காத்திருந்தாள். வெளியே நல்ல வெயில். "ரெண்டு பேரும் இந்த முள்ளையே பாருங்க" என்றாள். ஹெட்லைட்டைப் போட்டாள். முள் ஒரு மயிரிழை நகர்ந்தது. வைப்பர். இன்னும் கொஞ்சம். ஹீட்டர் காற்றை முழு வேகத்தில் வைத்தாள். கடைசியாகப் பின்கண்ணாடிச் சூடேற்றி. முள் குபுக்கென்று ஏறிச் சிவப்பைத் தொட, விளக்கு எரிந்து பீப் பீப் என்று அலறியது.

"ஆஃப் பண்ணு! எஞ்சினை ஆஃப் பண்ணு!" என்று அண்ணன் பதறினான்.

அவள் எஞ்சினைத் தொடவில்லை. மற்ற நாலு சுவிட்சையும் வரிசையாக அணைத்தாள். முள் சொன்னபடி கேட்கிற பிள்ளையாக நடுவுக்கு இறங்கியது. விளக்கு அணைந்தது. மறுபடி போட்டாள், சிவப்பு. அணைத்தாள், நடு. அப்படி ஐந்து தடவை செய்தாள்.

"அண்ணா, நீதான் எஞ்சின் ஆள். நீயே சொல்லு. எந்த எஞ்சினாவது ஒரு செகண்டுல கொதிச்சு, ஒரு செகண்டுல ஆறுமா?"

நிதானம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அண்ணன் ரேடியேட்டர் குழாயைத் தொட்டுப் பார்த்தான், எஞ்சினுக்குக் காதைக் கொடுத்தான். அவன் முகத்தில் ஒப்புக்கொள்கிற களை வந்தது, ஆனால் வாய் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. "சரி. விளக்கு பொய் சொல்லுது. போன வருஷமும் பொய்ன்னுதானே சொன்னே? பொய்ன்னு சொன்னா ஆச்சா? எங்கருந்து வருதுன்னு காட்டு."

"காட்டறேன். அதுக்குத்தானே நிக்கிறேன்" என்றாள் மீட்டரக்கா. அவள் எதிர்பார்த்த கேள்விதான் அது. தனக்குத்தானே ராத்திரி கேட்டுக்கொண்டதும் அதுதான்.

கழுத்திலிருந்த மீட்டரைக் கழற்றினாள். ஒரு ஊசியை எஞ்சின்மேலும் இன்னொன்றைக் காரின் பாடிமேலும் வைத்துக்கொண்டு, நிதானத்தை உள்ளே உட்கார வைத்தாள். "ஐயா, எல்லாத்தையும் போடுங்க." எஞ்சினும் பாடியும் எர்த்தில் ஒன்றாக இருந்தால் மீட்டரில் ஏறக்குறைய பூஜ்யம்தான் வர வேண்டும். ஒன்று புள்ளி மூன்று வோல்ட் வந்தது.

"பார்த்தியா? ஹெட்லைட்டுக்கும் வைப்பருக்கும் போற கரண்ட் எல்லாம் பாடி வழியா எஞ்சினுக்குத் திரும்பி வரணும். வர்ற வழி அடைச்சுக்கிட்டிருக்கு, அதான் இந்த ஒண்ணு புள்ளி மூணு. சூடு ஏற ஏற சென்சார் அனுப்புற வோல்ட் குறையும். இங்க எர்த்துல இழந்ததும் குறைச்சலாத்தானே தெரியும்? காரோட சூட்டு முள் அதையும் சூடுன்னே காட்டுது."

"ஹெட்லைட் கொஞ்சம் மங்கலாத்தாங்க எரியுது" என்றார் நிதானம் உள்ளேயிருந்து. "மழையில அப்படித்தான் தெரியும்னு நினைச்சேன்."

"எர்த் நல்லாருக்குன்னு நீதானே முந்தாநாள் சொன்னே? பீப்புன்னு சத்தம் எனக்கே கேட்டுச்சே?" என்றான் அண்ணன்.

மீட்டரக்காவுக்கு முகம் சுருங்கியது. உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே பொருள் அந்த மீட்டர்தான். "ஆமா. சொன்னேன். தப்பு" என்றாள். "பீப் சத்தத்துக்கு ஒரு நூலளவு வழி இருந்தாப் போதும். அது கூவிடும். விளக்கு, வைப்பர்னு பாரத்தைப் போட்டுப் பார்த்திருக்கணும், பார்க்கல. வியாழக்கிழமையே பார்த்திருந்தா வெள்ளிக்கிழமை டீச்சருக்கு ஒரு மணி நேரம் போயிருக்காது. அது என் தலையிலதான்."

அண்ணன் குனிந்து, எர்த் ஒயர் பாடியில் மாட்டியிருந்த போல்ட்டில் ஸ்பேனரை வைத்தான். பேட்டரித் தட்டுக்கு அடியில், கை நுழைவதே சிரமமான இடம். போல்ட் கழன்றது. ஒயர் முனையைத் தூக்கிப் பார்த்தான்.

அடியில், பாடி இரும்பின்மேல், கறுப்புப் பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. ஒயரின் வளையத்திலும் அதே கறுப்பு. நாலு மாதத்துக்கு முன்னால் அந்தக் காருக்குக் கிளட்ச் மாற்றியபோது அண்ணன் தேய்த்து, துருவெடுத்து, இரண்டு கோட் அடித்துக் காயவைத்து மாட்டிய பெயின்ட். கரண்டுக்குக் கதவைச் சாத்திவிட்டு மேலே வர்ணம் பூசியிருக்கிறான். போல்ட்டின் திருகு மரைதான் இத்தனை நாள் கொஞ்சநஞ்சம் வழி விட்டது. மழைக்காலம் வந்து அதுவும் துருப்பிடிக்க, சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்திருக்கிறது.

அவன் அந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிதானம் பக்கம் திரும்பாமலே, "ஐயா, இது நான் பண்ணினது" என்றான். "அழகா இருக்கட்டும்னு அடிச்சேன்."

"நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார் நிதானம்.

"நல்லதுக்கு இல்லீங்க, பேருக்கு. பானெட்டைத் தூக்கினா என் பேர் தெரியணும்னு." உப்புத்தாளை எடுத்து அவனே தேய்க்க ஆரம்பித்தான். தங்கை கேட்டும் கொடுக்கவில்லை. கறுப்பெல்லாம் போய், கீழே வெள்ளை இரும்பு பளிச்சென்று தெரிகிற வரைக்கும், முழங்கை சிராய்த்து ரத்தம் வருகிற வரைக்கும் தேய்த்தான்.

மாட்டிய பிறகு எல்லா சுவிட்சையும் போட்டார்கள். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. முள் நடுவில் அசையவில்லை. அண்ணன் கேஸ்கெட் பெட்டியைத் திருப்பி அனுப்ப எடுத்தான். மீட்டரக்கா விடவில்லை.

"இரு. பொய் போச்சு. எஞ்சின் நிஜமாவே நல்லாருக்கான்னு இன்னும் பார்க்கலையே? போன வருஷம் அதைத்தான் நான் விட்டேன்."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு முதல் தடவையாகச் சிரித்தான். "உன்னைக் கட்டிக்கிட்ட மனுஷன் பாவம்" என்றான். அன்றைக்கு மத்தியானம் வெயில் உச்சியில் இருக்கும்போது இரண்டு பேரும் காரில் ஏறி, கூலண்ட் தொட்டியில் தனியாக ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். தண்ணீர் ஒரு சொட்டுக் குறையவில்லை. சூடு தொண்ணூறைத் தாண்டவில்லை. திரும்பி வந்ததும் அண்ணன் பழைய வேலைச் சீட்டுகளை எடுத்து வைத்து, அந்த வருஷம் பெயின்ட் அடித்துவிட்ட வண்டிக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டான். "சும்மா ஒரு போல்ட்டைப் பார்க்கணும், கொண்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தவன், மூன்றாவது போனில் உள்ளதை உள்ளபடி சொன்னான்.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மீட்டரக்கா நிதானத்தின் வீட்டு வாசலில் நின்றாள். "நானும் வர்றேன். விளக்கு எரிஞ்சா நான் பக்கத்துல இருக்கணும்." பின்சீட்டில் தபால்காரருக்கும் பேக்கரிக்காரம்மாவுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். முன்சீட்டில் டீச்சர். கட்டையான, கண்டிப்பான பெண்மணி. காலில் செருப்பில்லை, துணி சுற்றியிருந்தது. திரும்பிப் பார்த்து, "நீங்கதானா?" என்று மட்டும் கேட்டார்.

பாலத்துக்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, ரோடே தெரியாத மழை. நிதானம் ஹெட்லைட்டைப் போட்டார். வைப்பரைப் போட்டார். கண்ணாடி மறைக்க, ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு ஹீட்டர் காற்றையும் போட்டார். காருக்குள் ஐந்து பேரும் ஒரே ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பாலம் போயிற்று. பள்ளிக்கூட வளைவு போயிற்று. மார்க்கெட் போயிற்று. முள் நடுவிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி ஆறே முக்கால். டீச்சரைக் கைத்தாங்கலாகப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தது மீட்டரக்காதான். நர்ஸம்மா வந்து மெஷினில் நேரத்தை வைக்கப் போனவர், பழக்கதோஷத்தில் கேட்டார்: "இன்னைக்கு எவ்வளவு டீச்சர்? மூணரையா, மூணா?"

"நாலு" என்றார் டீச்சர்.

"நாலா?"

"நாலு. முழுசா நாலு மணி நேரம் வைம்மா." அந்தக் கண்டிப்பான முகம் உடைந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஊசி குத்தாத கையை நீட்டி மீட்டரக்காவின் விரல்களைப் பிடித்துக்கொண்டார். மெஷின் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் டீச்சர் தூங்கிவிட்டார், பிடியை மட்டும் விடவில்லை. பதினொரு மணி வரைக்கும் மீட்டரக்கா அந்தக் கையை விடுவித்துக்கொள்ளப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.